தோட்டத்துப் பள்ளியில் குறுக்கோட்டக் குழு: முதல் பன்னிரண்டு வாரம்

மலேசியாவில் அறுபது மாணவர் படிக்கும் ஒரு தமிழ்ப்பள்ளியில் காற்பந்துக் குழு அமைப்பது பெரும்பாடு. பதினொரு பேரைத் தேற்றினாலும் ஒருவனுக்குக் காய்ச்சல் வந்தால் மாற்று ஆள் இருக்காது. பள்ளிகளில் மெரெந்தாஸ் டேசா என்று சொல்லும், மண்பாதையிலும் மேட்டிலும் நெடுந்தூரம் ஓடும் குறுக்கோட்டத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. ஐந்தாறு பிள்ளைகள் இருந்தால் குழு தயார். வலை வேண்டாம், பந்து வேண்டாம், தடகள அரங்கமும் வேண்டாம். சுங்கை சிப்புட், சுங்கை பட்டாணி, கோலசிலாங்கூர் வட்டாரங்களில் பள்ளி வேலியைத் தாண்டினாலே செம்பனையும் ரப்பரும்தான். அந்தத் தோட்டத்துச் செம்மண் சடக்குதான் ஓடுபாதை. நகரத்துப் பள்ளி பணம் கொடுத்தாலும் இப்படி ஓர் இடம் அதற்குக் கிடைக்காது.

2011 முதல் நடப்பில் உள்ள ‘ஒரு மாணவர் ஒரு விளையாட்டு’ கொள்கையின் கீழ் இதைப் பள்ளியின் புறப்பாடத் திட்டத்தில் சேர்த்துவிடலாம். திட்டத்தில் எழுத்தாக இருந்தால்தான் பொறுப்பாசிரியர் மாற்றலாகிப் போனாலும் குழு நிற்கும்.

முதலில் புள்ளிக் கணக்கு

குழுவை எப்படி அமைப்பது என்பதைப் புள்ளிக் கணக்கே முடிவு செய்கிறது. அதனால் அதிலிருந்து தொடங்குவோம். குறுக்கோட்டத்தில் ஒவ்வொருவரும் எத்தனையாவதாக வந்தாரோ அந்த எண்ணே அவர் புள்ளி. குழுவினரின் எண்களைக் கூட்டி, எந்தக் குழுவுக்குக் கூட்டுத்தொகை குறைவோ அது வெல்லும். எத்தனை பேர் ஓடலாம், அவர்களில் எத்தனை பேருடைய இடம் கணக்கில் வரும் என்பதை அந்த ஆண்டின் மாவட்டச் சுற்றறிக்கையில் பார்த்துக்கொள்ளுங்கள். தூரமும் வயதுப் பிரிவும் அதில்தான் இருக்கும்.

நால்வர் கணக்கில் வருவதாக வைத்துக்கொள்வோம். ஒரு பள்ளியின் பிள்ளைகள் 1, 2, 31, 40 ஆகிய இடங்களில் வருகிறார்கள். கூட்டினால் 74. இன்னொரு பள்ளிக்கு 12, 15, 17, 20. கூட்டினால் 64. முதல் இரண்டு பதக்கத்தையும் வாங்கிய பள்ளி குழுக் கிண்ணத்தை இழக்கிறது. அந்தப் பள்ளியின் நான்காவது ஆள் 40-லிருந்து 25-க்கு முன்னேறியிருந்தால் தொகை 59 ஆகி, கிண்ணம் கைமாறியிருக்கும். முதலிடத்துப் பிள்ளையை வைத்து ஆண்டு முழுவதும் உழைத்தாலும் ஒரு புள்ளிகூடக் குறையாது, ஏனென்றால் அவன் ஏற்கெனவே முதலிடம். நான்காவது, ஐந்தாவது பிள்ளையிடம்தான் பதினைந்து புள்ளி ஒளிந்திருக்கிறது. பயிற்சி நேரத்தையும் உங்கள் கவனத்தையும் அங்கே செலவிடுங்கள். இந்த வழிகாட்டியில் வரும் எல்லாமே இந்தக் கணக்கை ஒட்டியதுதான்.

அனுமதியும் கடிதங்களும்

தலைமையாசிரியரின் ஒப்புதல், மாணவரைப் பள்ளிக்கு வெளியே அழைத்துப் போக மாவட்டக் கல்வி இலாகா கேட்கும் ஆவணங்கள், பெற்றோர் கையெழுத்து ஆகியவை எல்லோரும் அறிந்தவை. பலரும் விட்டுவிடுவது தோட்ட அலுவலகத்துக்கு எழுதும் கடிதம். ‘பாதையைப் பயன்படுத்த அனுமதி வேண்டும்’ என்று மட்டும் எழுதினால் போதாது. தோட்டத்தின் எந்தக் கட்டத்தில் (பகுதியில்) என்றைக்குப் பழக்குலை அறுப்பு, எப்போது களைமருந்து அடிப்பு, எப்போது உரம் போடுவது, அவசரத்துக்கு எந்த மண்டோரை (மேற்பார்வையாளரை) அழைப்பது என்று நான்கையும் கேட்டு எழுதுங்கள். செம்பனையில் ஒரு கட்டத்தை ஏறக்குறைய பத்து முதல் பதினைந்து நாளுக்கு ஒரு முறை அறுக்கிறார்கள். அந்த நாளில் டிராக்டரும் லோரியும் ஓயாமல் போய்வரும், பாதையோரம் குலைகள் குவிந்திருக்கும். அட்டவணை கையில் இருந்தால் அன்றைக்குப் பயிற்சியைத் திடலுக்கு மாற்றிக்கொள்ளலாம். மருந்து அடித்த கட்டத்துக்குள் குறைந்தது இரண்டு நாள் பிள்ளைகளை விடாதீர்கள். மருந்துச் சீட்டில் அதைவிட நீண்ட இடைவெளி எழுதியிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

பெற்றோர் படிவத்தில் ஆஸ்துமா, வலிப்பு, இருதய நோய் இவற்றோடு இன்னும் இரண்டு கேள்வி கட்டாயம் இருக்க வேண்டும். பிள்ளை ஓடும்போது எப்போதாவது மயங்கி விழுந்ததுண்டா? குடும்பத்தில் யாராவது இளம் வயதில் திடீரென்று இறந்ததுண்டா? ஒன்றுக்கு ‘ஆம்’ என்றாலும் மருத்துவர் பார்த்துச் சொல்லும்வரை அந்தப் பிள்ளை ஓடக்கூடாது. ஆஸ்துமா உள்ள பிள்ளை தாராளமாக ஓடலாம். ஆனால் அவனுடைய மூச்சிழுப்பு மருந்து (இன்ஹேலர்) வகுப்பறைப் பையில் இருக்கக்கூடாது, பாதையில் நிற்கும் ஆசிரியரின் சட்டைப் பையில் இருக்க வேண்டும்.

பாதை

மூன்று கிலோமீட்டர் போய்த் திரும்பும் ஒரே நீளப் பாதையைவிட ஒரு கிலோமீட்டர் வட்டப்பாதை மேல். பிள்ளைகள் ஆறேழு நிமிடத்துக்கு ஒரு முறை உங்கள் கண்முன் வருவார்கள், யாருக்கு முகம் சிவந்திருக்கிறது, யார் நொண்டுகிறார் என்று தெரியும். தண்ணீரும் முதலுதவிப் பெட்டியும் ஒரே இடத்தில் இருந்தால் போதும்.

தூரத்தை அளக்கக் கைக்கடிகார ஜிபிஎஸ்ஸை நம்பாதீர்கள். செம்பனை மட்டைகள் வானத்தை மூடும் இடத்தில் அது தடுமாறும், ஒரே வட்டத்துக்கு ஒவ்வொரு முறையும் வேறு எண் காட்டும். ஒரு சைக்கிள் போதும். முன் சக்கரத்தில் காற்றை நன்றாக அடித்து, காற்றுவாய் தரைக்கு நேராக இருக்கும்படி நிறுத்தி, அந்த இடத்தில் கோடு போடுங்கள். நேராகத் தள்ளிக்கொண்டு பத்துச் சுற்று போனதும் மறுகோடு போட்டு நாடாவால் அளந்து பாருங்கள். 20.6 மீட்டர் வந்தால் ஒரு சுற்று 2.06 மீட்டர், ஒரு கிலோமீட்டருக்கு 485 சுற்று. சக்கரக் கம்பியில் ஒரு தடித்த அட்டையைச் செருகி, ஒவ்வொரு சுற்றுக்கும் சட்டத்தில் தட்டி ‘டக்’ என்று சத்தம் வரும்படி செய்துவிட்டால், ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் இருவர் எண்ண, ஒருவர் தள்ள, அரைமணி நேரத்தில் பாதை அளந்து முடியும். ஒவ்வொரு நூறு எண்ணிக்கைக்கும் ஒரு குச்சி நட்டுவிடுங்கள். இடையில் எண்ணிக்கை தவறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது.

ரப்பரா செம்பனையா என்று கேட்டால், முதிர்ந்த ரப்பர்க்காட்டின் நிரைகளே பிள்ளைகளின் முழங்காலுக்கு நல்லது. தரை மெத்தென்று இருக்கும், நிழலும் நிறைய. ஆனால் பால் வெட்டு முடிவதற்கு முன் உள்ளே போகக்கூடாது. கோப்பையைத் தட்டிவிட்டால் ஒரு குடும்பத்தின் அன்றைய பால் மண்ணில் போகும், மறுநாள் அனுமதியும் போகும். ஆண்டின் தொடக்கத்தில் இலையுதிரும் மாதங்களில் சருகு வேரை மறைத்துவிடும். காய் வெடிக்கும் பருவத்தில் பாதையில் சிதறும் விதைகள் கோலிக்குண்டு போல் உருளும், காலை மடக்கிவிடும். இரண்டு பருவத்திலும் ஓடுவதற்கு முன் பத்து நிமிடம் விளக்குமாற்றால் திருப்பங்களை மட்டுமாவது கூட்டிவிடுங்கள்.

செம்பனையில் இரண்டு நிரைகளுக்கு நடுவே ஒன்றில் அறுப்புப் பாதை இருக்கும், அடுத்ததில் வெட்டிய மட்டைகளைக் குவித்திருப்பார்கள். மட்டைக்குவியல் பக்கம் பிள்ளைகள் கால் வைக்கவே கூடாது. மட்டைக்காம்பின் முள் கான்வாஸ் சப்பாத்தின் அடிப்பாகத்தைத் துளைத்துக்கொண்டு ஏறும். குவியலில் எலி இருக்கும், எலியைத் தேடி நாகம் வரும். தரையை மூடிப் படரும் கொடி உள்ள இளங்கன்றுக் கட்டங்களையும் தவிர்த்துவிடுங்கள். கொடிக்கடியில் குழி எங்கே, கான் (வடிகால்) எங்கே என்று யாருக்கும் தெரியாது. தேங்கிய நீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கக்கூடும் என்பதால் கணுக்காலுக்கு மேல் தண்ணீர் நிற்கும் இடம் பாதையில் வேண்டவே வேண்டாம். காலில் புண் உள்ள பிள்ளை அதை மூடிக் கட்டாமல் ஓடக்கூடாது.

செம்மண் சடக்கின் ஆபத்து இறக்கத்தில் இருக்கிறது. மேலே உதிர்ந்த சின்னச் சரளைக்கற்களில் ஏறும்போது வழுக்காது, இறங்கும்போது வழுக்கும். வட்டத்தை எந்தத் திசையில் ஓடுவது என்று முடிவு செய்யும்போது, செங்குத்தான பக்கம் ஏற்றமாகவும் சரிவான பக்கம் இறக்கமாகவும் அமையும்படி பாருங்கள்.

திருப்பங்களில் சிவப்பு ராஃபியா (பிளாஸ்டிக் நார்), நேர்வழியில் வெள்ளை ராஃபியா கட்டுங்கள். சுண்ணாம்புத் தூள் வேண்டாம், முன்னே ஓடும் பிள்ளையின் காலடியில் கிளம்பிப் பின்னே வருபவரின் கண்ணில் விழும். பயிற்சி முடிந்ததும் ராஃபியாவை எல்லாம் அவிழ்த்துவிடுங்கள். செம்பனைக்குள் மேயும் மாடுகள் அதைத் தின்னும்.

ஆள் எண்ணிக்கைக்கு ஒரு கட்டுத் துணிக்கிளிப்பு போதும். ஒன்று முதல் முப்பது வரை எண் எழுதிக் கயிற்றில் மாட்டிவையுங்கள். பிள்ளை புறப்படும்போது தன் கிளிப்பை எடுத்துச் சட்டையில் மாட்டிக்கொள்ளும், திரும்பியதும் கயிற்றில் மாட்டும். கயிற்றில் எந்த எண் காலியோ அந்தப் பிள்ளை இன்னும் தோட்டத்துக்குள். பெயர் கூப்பிட்டால் ‘இருக்கான் சார்’ என்று நண்பன் பதில் சொல்லிவிடுவான், கிளிப்பு அப்படிச் சொல்லாது. எல்லோருக்கும் பின்னால் ஒரு பெரியவர் சைக்கிளில் வர வேண்டும். அவருக்குப் பின்னே யாரும் தங்கக்கூடாது.

வெயில், இடி, புகைமூட்டம்

1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் குறுக்கோட்டம் கடும் வெயிலில் நடந்தது. 38 பேர் புறப்பட்டு 15 பேர்தான் ஓடி முடித்தார்கள், அவர்களெல்லாம் உலகின் தேர்ந்த ஓட்டக்காரர்கள். அதற்குப் பிறகு ஒலிம்பிக்கில் குறுக்கோட்டம் இல்லை. பதினொரு வயதுப் பிள்ளையைப் பள்ளி விட்ட கையோடு மதியம் இரண்டு மணிக்கு ஓட விடுபவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

தீபகற்பத்தில் சூரியன் காலை 7 மணி வாக்கில்தான் எழுவதால் பள்ளிக்கு முன் ஓட வெளிச்சம் இருக்காது. மாலை 5:30-க்கு மேல் நல்ல நேரம், ஆனால் பள்ளி வேனில் வரும் பிள்ளைகள் அதற்குள் வீட்டுக்குப் போயிருப்பார்கள். வேலை நாளில் நடைமுறைக்கு உகந்த வழி ஒன்று உண்டு. நான்கு, ஐந்து, ஆறாம் ஆண்டுகளின் உடற்கல்விப் பாடத்தைக் காலை முதல் இரண்டு பாடவேளைக்கு மாற்றித் தரும்படி அட்டவணை ஆசிரியரிடம் ஆண்டுத் தொடக்கத்திலேயே கேட்டு வாங்குங்கள். அது வாரத்தில் இரண்டு நாள். மூன்றாவது நாள் சனிக்கிழமை காலை 7:30 முதல் 8:45 வரை. பால் வெட்டு முடியாத நேரம் என்பதால் இந்த நாள்களில் செம்பனைப் பக்கமோ திடலோதான். ரப்பர்க்காட்டு ஓட்டத்தைப் பெற்றோர் அழைத்துப்போக முடிகிற மாலைகளுக்கு வையுங்கள்.

வெயிலுக்கு உடல் பழகப் பத்து முதல் பதினான்கு நாள் வேண்டும். நீண்ட விடுமுறை முடிந்து வந்த முதல் இரண்டு வாரம் பயிற்சியைப் பாதியாக்குங்கள். வெயில் மயக்கம் வருவது பெரும்பாலும் இந்த வாரங்களில்தான்.

தண்ணீரை 20 நிமிடத்துக்கு ஒரு முறை 150 மில்லிலிட்டர் அளவில் கொடுங்கள், அது பெரிய ஐந்தாறு மிடறு. ஒரு மணி நேரத்துக்குக் குறைவான ஓட்டத்துக்குப் பச்சைத் தண்ணீரே போதும். கடைச் சக்கரைப் பானம் வயிற்றில் தேங்கிப் பக்கக் குத்தலைக் கொண்டுவரும். மாதம் ஒரு முறை ஓடுவதற்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். 30 கிலோ பிள்ளை 300 கிராம் இழந்திருந்தால் அது உடல் எடையில் ஒரு விழுக்காடு, கவலையில்லை. 600 கிராம் இழந்திருந்தால் அந்தப் பிள்ளை தண்ணீர் குடிப்பதாகப் பாசாங்கு செய்கிறது என்று பொருள்.

தள்ளாட்டம், சம்பந்தமில்லாத பேச்சு, காரணமில்லாத கோபம், வாந்தி இவற்றில் ஒன்று தெரிந்தாலும் ஓட்டத்தை நிறுத்துங்கள். ‘வியர்வை நின்றால்தான் வெப்பத்தாக்கு’ என்று காத்திருக்காதீர்கள், ஓடும் பிள்ளைக்கு வியர்த்துக்கொண்டே இருக்கும்போதும் அது வரும். முதலில் குளிர வையுங்கள், அப்புறம்தான் வண்டியில் ஏற்ற வேண்டும். துணி ஊறப்போடும் பெரிய பிளாஸ்டிக் தொட்டி ஒன்றும், சிற்றுண்டிச்சாலைக் குளிர்ப்பெட்டியில் பத்துக் கிலோ ஐஸும் ஒவ்வொரு பயிற்சி நாளும் தயாராக இருக்கட்டும். பிள்ளையைக் கழுத்துவரை ஐஸ் தண்ணீரில் உட்கார வைத்து, தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, இன்னொருவர் 999-ஐ அழைக்கட்டும். தோட்டத்து உட்புறத்துக்கு ஆம்புலன்ஸ் வழி தெரியாமல் சுற்றும் என்பதால் பிரதான சாலைச் சந்திக்கு ஒருவரை மோட்டாரில் அனுப்பிவிடுங்கள்.

வானிலை இலாகா வெளியிடும் வெப்ப எச்சரிக்கையில் முதல் நிலை என்பது தொடர்ந்து மூன்று நாள் உச்ச வெப்பம் 35 முதல் 37 டிகிரி. அந்த நாள்களில் ஓட்டமே வேண்டாம். காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100-ஐத் தாண்டினாலும் வெளி நடவடிக்கை கூடாது. இடிச் சத்தம் காதில் விழுந்தால் உடனே கட்டடத்துக்குள் போக வேண்டும், கடைசி இடியிலிருந்து 30 நிமிடம் கழித்துத்தான் வெளியே வரலாம். செம்பனைக்கடியிலும் தகரக் கொட்டகையிலும் ஒதுங்குவது இடிக்கு அடைக்கலம் ஆகாது. பக்கத்தில் வேன் இருந்தால் அதற்குள் ஏற்றுங்கள்.

ஆள் தேர்வு

முதல் நாளே பந்தயம் வைத்து முதல் பத்துப் பேரை எடுத்தால் தவறான பத்துப் பேர் கிடைப்பார்கள். அந்த வயதில் உயரமாக வளர்ந்த பிள்ளை எதிலும் முந்தும், நெடுந்தூரத்துக்கு அது போதாது. திடலில் 200 மீட்டர் வட்டம் போடுங்கள். இரு பக்கமும் 60 மீட்டர் நேர்க்கோடு, இரு முனையிலும் 12.7 மீட்டர் ஆரமுள்ள அரைவட்டம். எட்டு நிமிடம் ஓடவிட்டு, ஒவ்வொரு சுற்றின் நேரத்தையும் எழுதுங்கள். ஒருவன் முதல் சுற்றை 45 விநாடியில் முடித்து ஐந்தாவது சுற்றில் 80 விநாடிக்குப் போகிறான். ஒருத்தி 66, 67, 67, 68 என்று ஓடுகிறாள், கூட்டத்தில் யார் கண்ணிலும் படவில்லை. குழுவின் நான்காவது ஆள் அவள்தான்.

100 மீட்டரில் கடைசியாக வரும் பிள்ளைக்கு விளையாட்டில் இடமில்லை என்று நினைக்கும் பெற்றோர் நம் ஊரில் அதிகம். அவர்களிடம் 1998 கோலாலம்பூர் காமன்வெல்த் போட்டியில் 50 கிலோமீட்டர் வேகநடையில் தங்கம் வென்ற கோ. சரவணனைப் பற்றிச் சொல்லுங்கள்.

24 பேர்வரை சேர்த்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு வாரத்தில் மூன்றில் ஒருவர் விலகிப்போவது இயல்பு.

வேகத்தை நாக்கால் அளப்பது

தொடக்கக் குழுக்கள் கெடுவதற்கு முதல் காரணம், எல்லா நாளும் வேகமாக ஓடுவது. பிள்ளைகளுக்கு மெதுவாக ஓடத் தெரியாது, யாரும் சொல்லிக் கொடுத்ததும் இல்லை. இதயத்துடிப்புக் கருவி வாங்க வேண்டியதில்லை. தமிழ்ப்பள்ளிப் பிள்ளை ஒவ்வொன்றுக்கும் ஒரு குறளாவது மனப்பாடமாக இருக்கும். முதலடி நான்கு சீர், இரண்டாமடி மூன்று சீர். ஓடிக்கொண்டே சொல்லச் சொல்லுங்கள். ஏழு சீரும் ஒரே மூச்சில் தெளிவாக வந்தால் அது மெதுவோட்டம், வாரத்தின் பெரும்பகுதி இந்த வேகத்தில்தான் இருக்க வேண்டும். முதலடி முடிந்ததும் மூச்சு வாங்கிக்கொண்டுதான் இரண்டாமடி வருகிறதென்றால் அது நடுத்தர வேகம். இரண்டு சீருக்கு மேல் வாயைத் திறக்க முடியவில்லையா, அது போட்டி வேகம். இதைக் குழுவாக ஓடும்போது செய்யுங்கள். சொல்ல முடியாமல் திணறுகிற பிள்ளையின் வேகத்துக்கு மொத்தக் கூட்டமும் இறங்கி வர வேண்டும். கூட்டமாக ஓடிப் பழகிய பிள்ளைகள்தான் போட்டியில் 12, 15, 17, 20 என்று ஒட்டி வருவார்கள்.

பன்னிரண்டு வாரம்

வாரம் 1 முதல் 3 வரை, வாரத்துக்கு மூன்று நாள். மூன்று நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை, இதை ஐந்து முறை. முழுவதும் குறள் வேகம்.

வாரம் 4 முதல் 6 வரை, நடை இல்லாமல் 20 நிமிடம், பிறகு 25. இறுதியில் புல்தரையில் 60 மீட்டர் இலகுவான வேக ஓட்டம் நான்கு முறை, ஒவ்வொன்றுக்கும் நடந்து திரும்புதல். இதில் பந்தயம் கூடாது, நிமிர்ந்த முதுகும் தளர்ந்த தோளும் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

வாரம் 7 முதல் 10 வரைதான் உண்மையான உழைப்பு. ஒரு நாள் 30 நிமிட மெதுவோட்டம். ஒரு நாள் மரமெண்ணும் ஓட்டம். செம்பனைகளை ஏறக்குறைய ஒன்பது மீட்டர் இடைவெளியில் நட்டிருப்பதால் பத்து மரம் தாண்டினால் எண்பது, தொண்ணூறு மீட்டர் ஆகிவிடும். பத்து மரம் போட்டி வேகம், பத்து மரம் மெதுவோட்டம், இதை எட்டு முறை. விசிலும் கடிகாரமும் தேவையில்லை, பிள்ளைகளே எண்ணிக்கொள்வார்கள். மூன்றாவது நாள் ஏற்றம். 80 மீட்டர் மேட்டை ஆறு முறை ஓடி ஏற வேண்டும், இறங்குவது நடையில் மட்டும்.

வாரம் 11-ல் போட்டித் தூரத்தில் மூன்றில் இரண்டு பங்கை ஒரு முறை முழு மூச்சில் ஓடட்டும். வாரம் 12-ல் எல்லாவற்றையும் பாதியாக்குங்கள். போட்டிக்கு முந்தைய வாரம் கூடுதலாக ஓட வைத்தால் எதுவும் ஏறாது, கால்தான் கனக்கும்.

தொடக்கத்தில் வாரத்துக்கு மொத்தம் ஆறு கிலோமீட்டர், உச்சத்தில் பன்னிரண்டு. இந்த வயதுக்கு அதற்கு மேல் அவசியமில்லை.

மாவட்டப் போட்டிகள் ஆண்டின் முற்பகுதியில் வந்தால் தைப்பூசம் குறுக்கே வரும். விரதம் இருக்கும் பிள்ளைகள் ஒரு வேளை மட்டும் சாப்பிட்டு வருவார்கள், பூசத்தன்று இரவெல்லாம் விழித்திருப்பார்கள், வெறுங்காலில் காவடியோடு நடப்பார்கள். அந்த வாரத்தைத் தொடக்கத்திலேயே ஓய்வு வாரமாகக் குறித்துவிடுங்கள். விரதமா ஓட்டமா என்று பிள்ளையைத் தேர்ந்தெடுக்க வைக்காதீர்கள்.

எங்கே பிசகுகிறது

குதிகால் வலி. பத்து முதல் பன்னிரண்டு வயதுக்குள், எலும்பு நீளும் வேகத்துக்குத் தசை ஈடுகொடுக்காதபோது குதிகாலின் பின்புறமும் முழங்காலுக்குக் கீழுள்ள மேடும் வலிக்கும். விரலால் அழுத்தி ஒரே புள்ளியில் வலி என்றால் ஒரு வாரம் ஓட்டம் நிறுத்தம், கெண்டைத்தசையை நீட்டும் பயிற்சி மட்டும். ‘ஓடினால் சரியாகிவிடும்’ என்பது இந்த வலிக்குப் பொருந்தாது. நொண்டினால் மருத்துவரிடம் அனுப்புங்கள்.

பள்ளிச் சப்பாத்து. தட்டையான, மெல்லிய அடிப்பாகம் கொண்ட அதில் செம்மண்ணில் ஓடுவதே குதிகால் வலிக்குப் பாதிக் காரணம். எல்லோராலும் ஓட்டச் சப்பாத்து வாங்க முடியாது. பிள்ளைகளின் பாதம் ஆண்டுக்கு ஓர் அளவு வளர்வதால் நல்ல நிலையில் சிறுத்துப்போன சப்பாத்துகள் ஊரில் நிறைய இருக்கும். பெற்றோர் ஆசிரியர் சங்கம் மூலம் சேகரித்து, அளவு எழுதி அடுக்கிவையுங்கள். நின்ற நிலையில் பெருவிரலுக்கு முன் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். நனைந்தால் உள்ளே நாளிதழைத் திணித்து நிழலில் காயவைக்க வேண்டும். கூரைமேல் வெயிலில் போட்டால் பசை விட்டு வாய் பிளந்துவிடும்.

வெறும் வயிறு. பசியாறாமல் வரும் பிள்ளை பதினைந்தாவது நிமிடத்தில் கண் இருட்டி உட்காரும், நாசி லெமாக்கை முழுசாக முடித்துவிட்டு வரும் பிள்ளை வாந்தி எடுக்கும். ஓட்டத்துக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு முன் ரொட்டியும் வாழைப்பழமும் என்று பெற்றோரிடம் சொல்லுங்கள். சொல்லியும் சாப்பிடாமல் வருபவர்களுக்காக வாழைப்பழம் ஒரு சீப்பு கைவசம் இருக்கட்டும், பாதிப் பழம் கொடுத்து மெதுவோட்டம் மட்டும்.

ஆறாம் ஆண்டுப் பெண் பிள்ளைகள் ஒவ்வொருவராக நின்றுவிடுவது. காரணம் சோம்பல் என்று எழுதிவிடுகிறோம். பூப்பெய்தியதும் வரும் கூச்சமும், பொருத்தமான உள்ளாடை இல்லாததும், மாதவிடாய் நாளைச் சொல்ல ஓர் ஆசிரியை இல்லாததும்தான் பெரும்பாலும் காரணம். குழுவில் ஓர் ஆசிரியை கட்டாயம் இருக்க வேண்டும். ஓடுவதற்கு முழங்கால்வரை வரும் கருப்புக் காற்சட்டையும் தளர்ந்த சட்டையும் போட அனுமதியுங்கள். எளிதில் களைத்து, வெளுத்துத் தெரியும் பிள்ளையை இரத்தச்சோகைப் பரிசோதனைக்குச் சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள்.

ஒரே பிள்ளையை எல்லாவற்றிலும் ஓட வைப்பது. நன்றாக ஓடுகிறான் என்றால் காற்பந்து, தடகளம், கோகோ எல்லாவற்றிலும் அவன் பெயர்தான். பொறுப்பாசிரியர்கள் ஒன்றாக உட்கார்ந்து, ஒரு பிள்ளைக்கு ஒரு பருவத்தில் இரண்டு விளையாட்டுக்கு மேல் இல்லை என்று பேசி முடிவெடுங்கள்.

போட்டி நாள்

முதல் 200 மீட்டரில் கூட்டம் முழுவதும் ஒரு குறுகிய வழிக்குள் நுழையும், அங்கேதான் பிள்ளைகள் விழுவார்கள். பயிற்சியிலேயே இரண்டு கூம்புகளை மூன்று மீட்டர் இடைவெளியில் வைத்து, எல்லோரையும் ஒரே நேரத்தில் அதற்குள் ஓடவிட்டுப் பழக்குங்கள். முழங்கையை மடக்கி நெஞ்சருகே வைத்தால் இடம் கிடைக்கும், கையை நீட்டினால் தடுமாற்றம். சப்பாத்துக் கயிற்றுக்கு இரட்டை முடிச்சு, நுனி உள்ளே செருகல்.

முந்தின நாளோ அன்று அதிகாலையோ பாதையை ஒரு முறை நடத்திக் காட்டுங்கள், கடைசி 300 மீட்டர் எங்கே தொடங்குகிறது என்று ஒரு மரத்தையோ கம்பத்தையோ அடையாளம் சொல்லிக்கொடுங்கள். முதல் கிலோமீட்டரில் உங்கள் பிள்ளைகள் பின்தங்கியிருந்தால் கத்தாதீர்கள். 15 நிமிடத்தில் மூன்று கிலோமீட்டர் ஓடக்கூடிய பிள்ளைக்குக் கிலோமீட்டருக்கு 5 நிமிடம். கூட்ட வேகத்தில் முதலாவதை 4:10-க்கு ஓடினால் அடுத்த இரண்டிலும் அதற்கு வட்டியோடு கட்ட வேண்டும். ‘அணில் மாதிரி ஓடுறா, பிடிச்சிருவே’ என்று வேலியோரம் நின்று ஒருவர் கத்தினால் போதும், பன்னிரண்டு வாரப் பயிற்சி இரண்டு நிமிடத்தில் கரைந்துவிடும். கத்துவதாக இருந்தால் நான்காவது, ஐந்தாவது பிள்ளையின் பெயரைச் சொல்லி, அவளுக்கு முன்னால் போகும் சட்டையின் நிறத்தைச் சொல்லுங்கள். ‘மஞ்சள் சட்டை, ஒருத்தர்’ என்றால் அவளுக்குப் புரியும்.

ஓடி முடித்ததும் படுக்க விடாமல் ஐந்து நிமிடம் நடக்க வையுங்கள். பிறகு கிளிப்புக் கயிற்றை எண்ணுங்கள்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம் ஒதுக்கிய நோட்டு ஒன்று வைத்திருங்கள். தேதி, ஓடிய நிமிடம், 200 மீட்டர் சுற்று நேரங்கள், எங்கே வலித்தது, மூன்று மாதத்துக்கு ஒரு முறை உயரம், எடை. ஆறாம் ஆண்டு முடிந்ததும் அந்தப் பக்கத்தைப் படி எடுத்து, படிவம் 1-க்குப் போகும் இடைநிலைப்பள்ளியின் விளையாட்டு ஆசிரியர் கையில் நேராகக் கொடுங்கள். பல இனப் பிள்ளைகள் ஆயிரம் பேர் படிக்கும் அந்தப் பள்ளியில், 67 விநாடிக்கு ஒரு சுற்று என்று பிசகாமல் ஓடுகிற பிள்ளையை யாரும் தேடி வரமாட்டார்கள். பெயரும் எண்ணும் எழுதிய காகிதம் கையில் இருந்தால் கூப்பிடுவார்கள்.